செயின்ட் சிரில் தெருவில் உருகாத பனி

2010-ல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிய மறுநாள் காலை, செயின்ட் சிரில் தெருவில் ரீஜிஸ் கோவலின் வீட்டு முற்றத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. மார்ச் மாதம் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே அந்த ஆற்றோர ஊரில் ஏப்ரலில்கூடப் பனி விழுவதுண்டு. மே மாதம் எதிர்வீட்டு ஆப்பிள் மரம் பூத்தது, ஜூனில் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குக் கிளம்பினார்கள், பனி அப்படியே கிடந்தது. நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். புல் உயரமாக வளர்ந்தால்தான் அபராதம், பனிக்கு விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரீஜிஸின் மனைவி பெர்னடெட்டுக்குப் பனியைப் பற்றிப் பயமில்லை, பனி அள்ளும் ஷவலைப் பற்றித்தான் பயம். ரீஜிஸ் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலை மூடியபோது இன்ஷூரன்ஸும் அதோடு போயிருந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் அவருக்கு மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் போனை வைத்துவிட்டார்கள். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இனி ஷவலைத் தொடாதே, உன் வயதுக்காரர்கள் பனி அள்ளும்போதுதான் சாகிறார்கள். ரீஜிஸோ தன் வாசலில் பனி கிடக்கப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரும் ஜாதியில்லை. அதனால் அந்தக் கோடை முழுக்க பெர்னடெட், தான் வேலை பார்த்த சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் கேக்குக்கு ரோஜாப்பூ வைக்கும்போதும், காதை ஆம்புலன்ஸ் சத்தத்துக்குத் தீட்டிக்கொண்டே நின்றாள்.

இடுப்பளவு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கார்மன் ஃபெரான்டி. ஆறு பேரை வைத்து வீட்டு ஹீட்டர் ரிப்பேர் தொழில் செய்தவர். கோவல் குடும்பம் சட்டத்தைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி, ஃபெரான்டி குடும்பம் அதை எதிர்த்த குடியரசுக் கட்சி. இருபத்தைந்து வருடம் ஒரே பௌலிங் அணியில் கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டியவர்கள், சட்டம் வந்த நாளிலிருந்து வேலிக்கு இருபுறமும் நின்று கத்தினார்கள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கத்தவில்லை. அது எப்படி வந்தது என்றுதான் கத்தினார்கள்.

"ஒருத்தனாவது படிச்சானாடா?" என்பார் கார்மன். "ஆயிரக்கணக்குல பக்கம். ஞாயித்துக்கிழமை ராத்திரி, ஊரு தூங்கறப்ப தள்ளி விட்டுட்டீங்க. எங்க ஆளுங்கள்ல ஒரு ஓட்டு வாங்க முடிஞ்சுதா உங்களால?"

"குடுக்கறதுக்கு நீங்க வந்தாதானடா நாங்க வாங்கறது? வருஷம் முழுக்க உங்க வாசல்லயே நின்னோம். நூத்துக்கு மேல திருத்தம் உங்களுது, சேத்துக்கிட்டோம். கடைசில கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டீங்க. மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு சமைச்சவனத் திட்டற புத்தி!"

பனி நகர்வதை முதலில் கவனித்தவள் பெர்னடெட். கேட்ட கேள்விக்கு எவர் பதில் இல்லாமல் வாயடைத்து நிற்கிறாரோ, மறுநாள் காலை அவர் முற்றத்தில் பனி கிடந்தது. ரீஜிஸ் சரியாக மடக்கினால் கார்மனின் தக்காளிச் செடிகள் கருகின. கார்மன் மடக்கினால் ரீஜிஸின் வாசற்படி மறைந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவளுக்கு நிம்மதி என்பதே இல்லாமல் போயிற்று. பேக்கரிக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் இரு தரப்பு ரேடியோவையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். இரவுச் சாப்பாட்டில் பிரோகிக் கொழுக்கட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, "நாளைக்கு அவன் ஆயிரம் பக்கம்னு ஆரம்பிச்சா இதச் சொல்லு" என்று கணவருக்குப் பதில் எடுத்துக்கொடுத்தாள். அவளுக்குக் கட்சி அவ்வளவு முக்கியமில்லை. பனி எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த நவம்பரில் தேர்தலில் அவர்கள் கட்சி தோற்றது, பனி இடுப்புக்கு வந்தது. நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, பனி வேலி தாண்டியது. சட்டத்தை ஒழிப்போம் என்று கார்மனின் கட்சி சபையில் ஓட்டெடுத்தது, பனி ரீஜிஸின் பக்கம் திரும்பி வந்தது. இப்படியே மூன்று வருடம் ஓடிற்று. தபால்காரர் தினமும் பூட்ஸும் செருப்புமாக இரண்டு ஜோடி கொண்டு வந்தார்.

2013 அக்டோபரில், அந்தச் சட்டத்தின்படி இன்ஷூரன்ஸ் வாங்குவதற்கான இணையதளத்தைத் திறந்தார்கள். அதில் பதிந்தால், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் அடுத்த ஜனவரியிலிருந்து இன்ஷூரன்ஸ் கிடைக்கும். திறந்த அன்றே அது மூச்சுவிடாமல் படுத்துவிட்டது. கார்மன் வேலியில் சாய்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன்டா, மூணு வருஷம் இருந்துச்சே, ஒரு வெப்சைட்ட ஓட வைக்கத் தெரியலையா?"

ரீஜிஸ் வாயைத் திறந்தார், மூடினார். பெர்னடெட்டிடமும் அதற்குப் பதில் இல்லை. காலையில் பனி ஜன்னலுக்கு ஏறியிருந்தது. அவள் பேக்கரிக்குக் கிளம்பியதும் ரீஜிஸ் பேஸ்மென்டிலிருந்து ஷவலை எடுத்து வந்து, பத்துப் பன்னிரண்டு வாரு வாரியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே சாய்ந்தார். முகம் பனியில் பதிந்திருந்தது. அவசர உதவிக்கு 911-க்குப் போன் செய்து, வேலி தாண்டிக் குதித்து, அவரைப் புரட்டிப் போட்டவர் கார்மன்தான்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பைபாஸ் செய்தாக வேண்டும், ஆனால் ஜனவரி பிறந்து இன்ஷூரன்ஸ் வந்தபிறகு. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் வர வேண்டுமென்றால் இணையதளம் திறக்க வேண்டும். பெர்னடெட் ஷவலைக் காரின் டிக்கியில் பூட்டினாள். வேலை முடிந்து நேரே நூலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பும்வரை வீட்டில் ரீஜிஸ் ஜன்னல் வழியே பனியைப் பார்த்தபடி, டிக்கிச் சாவியை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அவர் கை அவளுடைய கோட்டுப் பையில் இருப்பதைப் பார்த்ததும், அவள் நேரே கார்மன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கார்மன், ஒரே ஒரு வாட்டி. ரீஜிஸ் கேக்கறப்ப பதில் சொல்லாம நில்லு. பனி உன் பக்கம் வந்துரும். அவன் பொழச்சுக்குவான்."

கார்மன் தாடையைத் தடவினார். அவர் முகத்தில் இருந்தது பிடிவாதம் இல்லை, உண்மையான சங்கடம்.

"என்கிட்ட பதில் இருக்கே பெர்னி. பதில வச்சுக்கிட்டு எப்படிம்மா வாய மூடறது? பொய்யில்லையா அது?"

"உன் பதிலும் நீயும் நாசமாப் போங்க!"

"போறேன். ஷவல் எங்க வச்சிருக்க? அதக் குடு மொதல்ல."

மறுநாளிலிருந்து கார்மன் விடிந்ததும் வேலைக்குப் போகும் முன்னால் ரீஜிஸின் முற்றத்தில் பனி அள்ளினார். அள்ளிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். இணையதளத்தைப் பற்றி, இருக்கிற பாலிசியை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ரத்து செய்ததைப் பற்றி, தன் ஆறு பேருக்கும் ஏறிய கட்டணத்தைப் பற்றி. ஜன்னலுக்குள்ளே போர்வையைப் போர்த்தியிருந்த ரீஜிஸ் முடிந்தவரை பதில் சொன்னார், பாதியில் மூச்சு வாங்கிற்று. அதனால் கார்மன் அள்ள அள்ளப் பனி ஏறியது. அவரே பேசி ஏற்றினார், அவரே அள்ளி இறக்கினார். குனிந்து குனிந்து அவர் முதுகு பிடித்துக்கொண்டது. வாயை மட்டும் அவர் மூடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்தினம், நூலகம் மூடப்போகும் நேரத்தில் திரையில் வட்டம் நின்றது. வாழ்த்துகள், பதிவு முடிந்தது என்று ஒரு வரி வந்தது. பெர்னடெட் அதை நம்பாமல் நூலகப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள்.

ஜனவரியில் ரீஜிஸின் நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். பிழைத்தார்.

பிறகும் ஓயவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் சட்டம் போய்விடும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பெர்னடெட் மாத்திரைகளை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி அலமாரியில் ஒளித்தாள். 2017-ல் அதிபர் பதவி, இரு சபைகள் என எல்லாவற்றையும் கார்மனின் கட்சி பிடித்தது. அந்த ஜூலையில் சட்டத்தை ஒழிக்க ஓட்டெடுத்து, ஒரே ஓட்டில் கோட்டைவிட்டது. ரீஜிஸ் வேலியருகே வந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏழு வருஷமா எங்களத் திட்டுனீங்களே. உங்க சட்டம் எங்கடா?"

கார்மன் வாயைத் திறக்கவில்லை. அவருடைய மகள் தெரேசாவுக்கு தீராத நரம்பு நோய் கண்டு அப்போது ஒரு வருடம். முன்பிருந்த நோய் என்று சொல்லி அவளுக்கு யாரும் இன்ஷூரன்ஸ் மறுக்க முடியாமல் இருந்தது எந்தச் சட்டத்தால் என்பது தெருவுக்கே தெரியும். ஒழிக்கவில்லையே என்று அவர் கட்சிக்காரர்களும், ஒழிக்கப் பார்த்தாயே என்று மற்றவர்களும் அவரையே ஏசினார்கள். மறுநாள் தொண்ணூறு டிகிரி வெயிலில் கார்மனின் வீடு கூரை விளிம்பு வரை பனிக்குள் இருந்தது.

கார்மன் திருப்பிக் கொடுத்ததிலிருந்து டிக்கியில் பூட்டிக் கிடந்த ஷவலை ரீஜிஸ் எடுத்தார். பெர்னடெட் காபிக் கோப்பையோடு வாசல் தாழ்வாரத்துக்கு வந்தாள். தடுக்கப் போனாள். தையல் போட்ட டாக்டர் இனிமேல் எதையும் தூக்கலாம் என்று சொல்லியிருந்தார், அதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அதற்குள் ரீஜிஸ் ஒரு வாரு வாரினார், வேலிக்கு இந்தப் பக்கம் தன் முற்றத்தில் கொட்டினார். இன்னொன்று. மூச்சு சீராக வந்தது. கார்மனின் கதவு தெரிகிற அளவுக்கு வாரியதும், உள்ளேயிருந்து கதவு திறந்தது.

"டேய், எங்கடா கொண்டு போற? வை கீழ. அது என் பனி."

"உன்னுதா? நாங்க தனியா நிறைவேத்துனோம்னு ஏழு வருஷம் ஊரக் கூட்டிச் சொன்னது யாரு? அப்ப எங்களுதுதான்."

"நூத்துக்கு மேல திருத்தம் எங்களுதுன்னு நீதானடா சொன்ன! பாதியாவது என்னுது."

சொன்னதோடு நிற்காமல் கார்மன் உள்ளே போய், கால் உடைந்த சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து பனியின் நடுவில் நட்டார். அந்த ஊரில் பனிக்காலத்தில் தெருவில் கார் நிறுத்தப் பனி அள்ளிய இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது, போலீஸ்காரர்கூட நகர்த்த மாட்டார். ரீஜிஸ் ஓடிப்போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டு வந்து தன் பக்கத்தில் நட்டார். ஓடியதைப் பெர்னடெட் பார்த்துக்கொண்டு நின்றாள். காபியைக் குடிக்க மறந்து போயிருந்தாள்.

பனி வேலியின் இரு பக்கமும் படுத்திருக்கிறது, இன்றுவரை. தினமும் ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்கிறது. அவள் எழுந்ததும் முதலில் ஜன்னலைத்தான் பார்க்கிறாள். குளிர்காலத்தில் நகராட்சியின் பனி தள்ளும் லாரி தெருவில் ஏறி வரும்போது, ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கி, "இதுல வானத்துப் பனி எதும்மா?" என்று கேட்பார். அவள் கையைக் காட்டுவாள். அவர் அதை மட்டும் தள்ளிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.