குட்டை வில்லும் மூன்று விரலும்

வாட்ச் ரிப்பேர்க்காரர் கையிலிருந்து அன்று காலை மறுபடியும் திருகாணி நழுவியது. கடுகளவுத் திருகாணி. ஆறடிக்கு மேலான உடம்பை மடித்து மேசைக்கடியில் நுழைத்துத் தேடினார். "அண்ணே, வேணும்னா நான் அப்புறமா வரட்டுமா?" என்று கடை வாசலில் நின்ற வாடிக்கையாளர் இரக்கப்பட்டுக் கேட்டார். அந்த இரக்கம்தான் அவரைச் சுட்டது.

மோதிர விரல் மரத்துப் போயிருந்தது. காரணம் தெரியும்; வெளியே சொன்னால் வெட்கக்கேடு. இந்த வயதில் மனிதருக்கு வில்வித்தை ஆசை வந்திருந்தது. அதுவும் பழைய காலத்து மரவில். வில் விற்கிற கடையில் இருந்ததிலேயே குட்டையானதை எடுத்தார். குதிரைமேல் உட்கார்ந்து எய்கிற வில் என்று விற்றவன் ஒரு வார்த்தை சொன்னான், போதாதா? அவருக்கு ஏது குதிரை? வீட்டில் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதையும் மனைவிதான் ஓட்டுவாள், இவர் பின்னால் உட்காருவார்.

அவள் கணக்கு டீச்சர். "ஏங்க, உங்க கை நீளத்துக்கு இது குட்டைங்க. முழுசா இழுத்தா நாண் கூர்மையா மடங்கி விரல நசுக்கும்" என்று அப்போதே சொன்னாள்.

"உனக்கு முக்கோணம் தெரியும். வில்லப் பத்தி என்ன தெரியும்?" என்றார் வீரர்.

அவளும் பழக ஆசைப்பட்டதால், அதே கடை மூலையில் சாத்தியிருந்த நெட்டை வில்லை வாங்கி அவள் தலையில் கட்டினார். அவளைவிட அது உயரம். அவள் கைக்குப் பாதிகூட வளையாது; அம்பு இலக்குப் பலகைக்கு முன்னாலேயே போய்ப் படுத்துக்கொள்ளும். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

சிரித்த வாய் தன் முறை வந்ததும் மூடிக்கொள்ளும். நாணை இழுத்தால் கதவிடுக்கில் மாட்டியது போல மூன்று விரலும் நெருங்கி, நடுவில் அம்பின் வாலை நெரிக்கும். நெரிபட்ட அம்பு தடம் மாறி எங்கோ பாயும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் காற்றைத் திட்டினார், அம்பைத் திட்டினார். தடித்த கையுறை போட்டதில் இருந்த கொஞ்ச இடமும் போயிற்று. மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார். அம்பு பிழைத்தது, விரல் பிழைக்கவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். இவர்கள் பழகும் கிளப்புக்குப் பக்கத்து ஊர் கிளப்போடு ஞாயிற்றுக்கிழமை போட்டி; அணியில் பாக்கி இருப்பது ஒரே இடம்; அது தனக்குத்தான் என்று கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் தம்பட்டம் அடித்திருந்தார். சனிக்கிழமை தேர்வு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்ற முடியவில்லை. மனைவி வந்து கழற்றிவிட்டாள்.

"உன் வில்ல நாளைக்கு எனக்குக் குடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மாவா?"

"வலிக்குதும்மா. கையில திருகாணி நிக்க மாட்டேங்குது, பொழப்பே போயிடும் போல. அன்னிக்கு உன் பேச்சக் கேட்டிருக்கணும். போதுமா?"

அவள் அந்த விரலைப் பிடித்து மெல்ல நீவிவிட்டாள். "போதும். அப்ப உங்க வில்ல நான் எடுத்துக்கறேன்."

"தாராளமா! உன்கிட்ட அது நிம்மதியா தூங்கும்."

மறுநாள் தேர்வில் நெட்டை வில் அவர் இழுத்த இழுப்புக்கு வளைந்தது. நாண் விரிந்தே நின்றது. விரல்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அம்புகள் பலகை நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தைத்தன. மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார்.

அடுத்து அவள். குட்டை வில் அவளுக்கென்றே செய்த மாதிரி வளைந்தது. முதல் அம்பு மஞ்சளின் நடுவில் தைத்தது. இரண்டாவது அதை உரசிக்கொண்டு நின்றது. மூன்றாவதை இவர் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை.

பயிற்சி மாஸ்டர் இரண்டு பலகைகளையும் பார்த்துவிட்டு, "டீச்சர், நாளைக்குக் காலைல நேரமா வந்துடுங்க" என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது இரண்டு வில்லையும் முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். விரல் வலிக்கவில்லை. வேறு எங்கோ வலித்தது. ஆனால் அவள் எய்த அந்த இரண்டாவது அம்பை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றவர், பார்த்தால், அந்தத் திருகாணி வாடிக்கையாளர்.

"அண்ணே, செலக்ட் ஆயிட்டீங்களா?"

வாட்ச்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வில்லு ஆயிடுச்சு" என்றார்.

முன்னால் அவள் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.