வேதமுத்து விட்டுவைத்த இடம்

ஐந்தாம் ஜார்ஜ் ராஜா செத்துப்போன அதே வாரத்தில்தான் எங்கள் வேதமுத்துவும் செத்துப்போனார். ராஜாவுக்காகப் பூந்தமல்லியில் கொடியை இறக்கினார்கள், கடைகளைச் சாத்தச் சொன்னார்கள். வேதமுத்துவுக்கு யார் கொடி இறக்குவது? நாங்கள்தான் அழுதோம். ராஜாவுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் எனக்குப் பாடிக் காட்டியவர் இல்லை.

என் பெயர் கன்னியம்மாள். பூந்தமல்லிச் சந்தைத் திடலில் வறுத்த வேர்க்கடலை விற்கிறேன். எந்த நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டாலும் முதலில் போய் உட்காருகிறவள் நான்தான். நாடகத்துக்காக இல்லை. பொழுது சாயும் நேரத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்குகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது, திரைக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு வேதமுத்து உட்காருவார். மடியில் கித்தார் இருக்கும். பட்டாளத்து பங்களாவில் சமையல் வேலை பார்த்த காலத்தில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் அதை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். அதில் நம்முடைய பாட்டை எப்படி வாசிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவராகவே தடவித் தடவிக் கண்டுபிடித்தார்.

அவர் எத்தனையோ பாட்டுப் பாடுவார். ஆனால் கடைசியாகப் பாடும் ஏரிப் பாட்டுக்காகத்தான் திருமழிசையிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாட்டில் ஒவ்வோர் அடியிலும் பாதிதான் அவருடையது. பாதியைப் பாடிவிட்டு, உள்ளங்கையால் கித்தாரின் மரத்தில் ‘டொப்’ என்று ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிடுவார். மீதிப் பாதியை நாங்கள் பாட வேண்டும். பாடுவதாவது, தொண்டை கிழியக் கத்துவோம். எங்கள் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த பாதியைத் தொடங்கிவிடுவார். நாங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த ‘டொப்’புக்குக் காத்திருப்போம்.

வருஷம் திரும்பும் நேரம் வந்தது. மாதா கோயிலில் அவருக்கு ஆண்டு பூசை வைக்கிற அன்று சாயங்காலம் திடலில் ஏரிப் பாட்டைப் பாட வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லாரும் சரி என்றார்கள். ஆர்மோனியக்காரர் வீரராகவன் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். வேதமுத்து ஏரிப் பாட்டுக்கு ஆர்மோனியம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் இவர் சோடா குடிக்கப் போய்விடுவார். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. பாட்டு அவரோடு போய்விட்டது, வேண்டுமானால் வேறு ஏதாவது வாசிக்கிறேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்தப் பாட்டைப் பாடாமல் இனி இந்தத் திடலில் கடலை வறுக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். தண்டோராவும் போட்டாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடியில் கூடிப் பாடிப் பார்த்தோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் பாதி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய பாதி ஒருவருக்கும் தெரியவில்லை.

அத்தனை வருஷமாக நாங்கள் கேட்டது அந்தத் தட்டை மட்டும்தான். அவர் பாடியது எங்கள் கூச்சலிலேயே மூழ்கிப்போயிருக்கிறது. ஏரி என்று ஏதோ வரும் என்றான் ஒருவன். ‘எங்க கொரலக் குடுப்போம்’ என்று முடிகிற அடி தேர் இழுக்கிறவர்களைப் பற்றியது என்று பரந்தாமன் சாதித்தான். அவனுக்குக் கோயிலில் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடும் வேலை. எதைக் கேட்டாலும் தேர்தான். என் வீட்டுக்காரர் அய்யாசாமி, அது மாடு ஓட்டுகிறவனுக்கான அடி என்றார். அவர் வண்டிக்காரர். வீரராகவன் சற்றுத் தள்ளி நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பாதி தெரிந்த ஆள் ஒருத்திதான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. வேதமுத்துவின் மனைவி சகாயம்மாள். கரையான்சாவடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. தையல் வேலை செய்கிறவள். அவள் ஒரு நாளும் திடலுக்கு வந்ததில்லை. ஆனால் அவர் வீட்டில் பாடிப் பழகியதை இவள் கேட்டிருப்பாள் அல்லவா? மறுநாள் காலையிலேயே போனேன்.

நான் கேட்டதும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“அத்த ஏன் எங்கிட்ட கேக்குறே? மீதிப் பாதிய பாடுனாளே ஒருத்தி, அவகிட்டப் போயி கேளு.”

எந்த ஒருத்தி என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், மடை திறந்துவிட்டது. தினம் காலையில் அவர் கித்தாரை எடுத்து அந்தப் பாட்டைப் பாடுவாராம். பாதியைப் பாடிவிட்டு மரத்தில் ஒரு தட்டு. அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பாராம். சும்மாவும் இல்லை, வாசலைப் பார்த்துச் சிரிப்பாராம். யாரோ எதிரே நின்று பாடுவது போலவும், அதைக் கேட்டு ரசிப்பது போலவும் தலையை ஆட்டுவாராம். பிறகு அடுத்த பாதி. கல்யாணமான நாள் முதல் இதைத்தான் பார்த்தாளாம். நாடகக் கொட்டகையில் பொம்பிளை நடிகைகளுக்கா பஞ்சம்? எவளோ ஒருத்தி அங்கே எதிர்ப்பாட்டுப் பாடுகிறாள் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் திடல் பக்கமே வரவில்லை.

“அவரையே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, யக்கா.”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?” என்றாள்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். அது நாங்கள்தான் என்று சொன்னதோடு நில்லாமல், நம்ப வைக்கிறேன் என்று பாடியும் காட்டினேன். ‘சேதி சொல்லி அனுப்பு மாமே’ என்று கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகிப் பாடினேன். கண்ணைத் திறந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள்.

“அப்ப நீதானா அவ?”

கதவு என் மூக்கை இடித்துக்கொண்டு சாத்திக்கொண்டது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் அய்யாசாமியை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கு முன்மண்டையில் முடி கிடையாது. மாட்டை அதட்டி அதட்டிக் குரலும் வறண்டுபோனது. இந்த மனுஷன் பாடினால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது என்று நினைத்தேன். மூடின கதவுக்கு முன்னால் நின்று ‘சுத்திக்கினாச்சும் வருவோம் மாமே’ என்று அவர் முழங்கியதில் தெருவே எட்டிப்பார்த்தது. ஜன்னல் கொஞ்சம் திறந்தது. உன் புருஷனுக்கும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாயா, இரண்டு பேரும் சேர்ந்து என் காதில் பூ சுற்றுகிறீர்களா என்று கேட்டுவிட்டு ஜன்னலையும் சாத்திவிட்டாள்.

திரும்பி வரும்போது அய்யாசாமி, அந்தம்மா துக்கத்தில் இருக்கிறாள், விட்டுவிடு என்றார். என்னால் விட முடியவில்லை. என் சபதம் போனால் போகட்டும். கடலையை வேறு எங்காவது வறுத்துக்கொள்ளலாம். வேதமுத்துவின் பாதி இப்போது இந்த உலகத்தில் ஒரே ஒரு வாயில்தான் இருக்கிறது. அந்த வாய் மூடியே இருந்தால், அவர் இன்னொரு தடவை சாவார். அதைவிட, இல்லாத ஒருத்தியை நினைத்து அவள் இத்தனை வருஷம் வெந்திருக்கிறாளே என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சிரிப்பு யாருக்கானது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

யோசித்துப் பார்த்தேன். ‘அப்படி ஒருத்தி இல்லை’ என்று சொல்வதால்தானே கதவைச் சாத்துகிறாள்?

ஆண்டு பூசையன்று காலையில் மாதா கோயில் வாசலில் போய் நின்றேன். பூசை முடிந்து சகாயம்மாள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். நான் அருகில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“யக்கா, அவ இன்னிக்கி சாயங்காலம் திடலுக்கு வரா.”

நின்றுவிட்டாள்.

“மொகத்தப் பாக்கணும்னா வா. வெறுங்கையோட வராத, கித்தார எடுத்துக்கினு வா. மேடையில ஒக்காந்து அவரு பாதிய நீ பாடு. பாடிட்டு மரத்துல தட்டு. அந்தத் தட்டு காதுல வுழுந்தா அவளால வாய மூடிக்கினு இருக்க முடியாது. பதில் பாடிருவா. யாருன்னு பாத்துக்க.”

அவள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். வருவாளா, மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. சென்னீர்குப்பத்துக்காரர்கள் நடந்தே வந்தார்கள். திருமழிசை வண்டிகள், செம்பரம்பாக்கம் வண்டிகள் எல்லாம் வந்தன, புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். யாரும் முந்தக் கூடாது, தட்டு கேட்கும் வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்று நான் ஆளாளுக்குச் சொல்லிவைத்தேன். வேதமுத்துவின் முக்காலி மேடையில் காலியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வீரராகவன் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்துவிட்டார். வெளிச்சம் மங்க மங்க, கரையான்சாவடிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வராவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வந்தாள். கித்தாரை வெள்ளைத் துணியில் சுற்றிப் பிள்ளையை எடுத்து வருவது போல எடுத்துக்கொண்டு வந்தாள். சண்டைக்கு வருகிறவள் முகம். யாரையும் கேட்காமல் மேடையேறி முக்காலியில் உட்கார்ந்தாள். துணியை அவிழ்த்தாள். பிறகு கூட்டத்திலிருந்த பெண்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் பார்வை என் முகத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பினா…” என்று தொடங்கினாள்.

அவளுக்குப் பாட்டுக்குரல் இல்லை. ஆனால் அவர் இழுத்த இடத்தில் இழுத்தாள், அவர் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினாள். கையை ஓங்கி மரத்தில் தட்டினாள். டொப்.

திடல் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. “சேதி சொல்லி அனுப்பு மாமே!”

புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. அவிழ்த்துவிட்ட மாடுகள் மிரண்டன. சகாயம்மாள் முக்காலியோடு பின்னால் சாயப் போனவள், கித்தாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்பது போலக் கூட்டத்தை உற்றுப் பார்த்தாள். அடுத்த அடியை வேண்டுமென்றே தாழ்ந்த குரலில் பாடினாள்.

“சென்னீர்குப்பம் பாதை மூழ்கினா…” டொப்.

“சுத்திக்கினாச்சும் வருவோம் மாமே!”

இந்தத் தடவை அவள் எங்களைப் பார்த்தாள். வெற்றிலை வாயோடு கத்துகிறவன், பல் போன கிழவன், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவள், கண்ணை இறுக மூடிக்கொண்டு முழங்குகிற அய்யாசாமி. ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் கை மரத்தின் மேல் அப்படியே இருந்தது. அவளுடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

மூன்றாம் அடிக்கு யாரும் மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை. முதல் தடவையாக நாங்கள் எல்லாரும் காது கொடுத்துக் கேட்டோம்.

“எங் கொரலு ஒருநா கம்மிப் போனா…”

டொப்.

யாருக்கும் வாய் வரவில்லை. எத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு நாங்கள் பதில் சொல்லியிருக்கிறோம், அவர் என்ன கேட்டார் என்று தெரியாமலே. தேரும் இல்லை, மாடும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மேடையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. வீரராகவன். ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்று, “எங்க கொரலக் குடுப்போம் மாமே” என்று தனியாகப் பாடினார். சோடா குடித்துக்கொண்டே இந்த மனுஷனும் எங்களோடு கத்தியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு திடல் அடங்கவில்லை. அந்த ஒரு பாதியையே திரும்பத் திரும்பப் பாடினோம். சகாயம்மாள் கித்தாரை அணைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவள் தலை லேசாக ஆடியது. அவர் வாசலைப் பார்த்துச் சிரிப்பார் என்று சொன்னாளே, அந்தச் சிரிப்பு இவள் முகத்திலும் வந்தது.

சத்தம் குறைந்ததும் கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். பயந்துகொண்டே மேடையருகே போனேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

“இத்தினி பேரா, கன்னிம்மா?”

“ஆமாக்கா. ஆவடி வண்டிங்க இன்னும் வந்து சேரல.”

அவள் கித்தாரை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

“அவங்களும் வரட்டும். மொதல்லேந்து பாடலாம்.”