பின் சீட்டுக் கண்ணாடி

அடக்கத்துக்குப் போட்டிருந்த சட்டையைக்கூட மாற்றாமல், பானெட்டைத் தூக்கி இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான் சின்ன மகன்.

பழைய கார். ஓடும்போது ராஜா, சிக்னலில் நின்றால் போதும், உறுமும், தள்ளாடும், இருமி அணைந்துவிடும். 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று அவன் தள்ளிப்போட்ட ஞாயிறுகளுக்குக் கணக்கில்லை. முந்தாநாள் காலை, பின் சீட்டில் பெரியம்மா மடியில் அம்மா மூச்சுத் திணறிக் கிடக்க, ஆஸ்பத்திரிக்கு முந்தைய நாற்சந்தியில் அது தன் வேலையைக் காட்டியது. சாவியைத் திருகித் திருகிக் கை வலித்ததுதான் மிச்சம். வெகுநேரம் கழித்து அது கிளம்பி, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"உன் ஓட்டை வண்டியாலதான்டா அம்மா போச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணன் சொல்லிவிட்டான். அடக்கம் முடிந்ததும் இவன் நேரே வண்டியிடம் வந்துவிட்டான்.

கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு விரிசல். விரலால் அடைத்தான். தள்ளாடிய இஞ்சின் சட்டென்று சீரானது. விரலை எடுத்தான், மறுபடி இருமல். இஞ்சினை நிறுத்தி, வெடித்த நுனியைக் கத்தியால் நறுக்கி, மீதியை இழுத்து மாட்டிக் கிளிப்பை முடுக்கினான். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா? அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"என்னடா, துண்டு ரப்பரை வச்சுக்கிட்டு நிக்கிறே?" பெரியம்மா வந்திருந்தாள்.

"இதுதான் பெரியம்மா அம்மாவைக் கொன்னுது."

"உளறாதே. உங்கண்ணன் பேசினது இப்பத்தான் என் காதுக்கு வந்துச்சு. அவனுக்கு ரெண்டு போட்டுட்டுத்தான் வரேன். உங்கம்மா நம்ம தெருமுனை திரும்புறதுக்குள்ளயே போயிட்டாடா."

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க. வண்டி நின்னப்பகூட 'மூச்சு இருக்கு, நீ ஓட்டு'ன்னீங்களே!"

"அதுதான் பொய். கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிட்டிருந்தே. உண்மையைச் சொன்னா ஸ்டியரிங்கை விட்டிருப்பே. ஒரே நாள்ல ரெண்டு பேரை வாரிக்குடுக்க எனக்குத் தெம்பில்லை."

அவன் நம்பவில்லை. ஆறுதலுக்கென்றால் பெரியம்மா எதையும் வாய் கூசாமல் சொல்லுவாள்.

"ஜன்னல் கண்ணாடியை ஏத்தினேனே, கேக்கலையா உனக்கு?"

கேட்டிருந்தது. தெருமுனை மருந்துக்கடைக்கு முன்னால், பின்னாலிருந்து கைப்பிடி கிறீச் கிறீச்சென்று சுற்றிய சத்தம். அம்மாவுக்கு மூடிய கண்ணாடி ஆகவே ஆகாது. மழையில் நனைந்தாலும் திறந்துதான் வரவேண்டும். அவள் இருக்கும்போது அதை ஏற்றும் துணிச்சல் வீட்டில் ஒருவருக்கும் வந்ததில்லை.

"காத்துல முடி பறந்து அவ கண்ணு மேல விழுந்துச்சு. அவ ஒதுக்கி விடலை. அப்பத்தான் ஏத்தினேன்."

நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போலிருந்தது. அம்மாவுக்காக அழ அவனுக்கு இப்போதுதான் இடம் கிடைத்தது. மட்கார்டில் சாய்ந்து அழுது தீர்த்தான். பெரியம்மா தடுக்கவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். இருமலில்லை, தள்ளாட்டமில்லை, நின்ற இடத்தில் சீராக ஓடியது.

"ஓட்டிப் பாக்கணும்ல? நானும் வரேன்" என்று பெரியம்மா பின் சீட்டில் ஏறினாள். முந்தாநாளிலிருந்து மூடியே கிடந்த கண்ணாடியை, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அடிவரைக்கும் இறக்கிவிட்டாள்.