நான்கு விடைக்கும் ஒரே குரல்

...இல்லை, இப்போதும் தெரிந்துவிட்டது, 'மரகதப்புறா' என்ற இடத்துக்கு வந்ததும் குரல் ஒரு மயிரிழை தாழ்ந்து, ஒரு மயிரிழை நின்று, இந்தா எடுத்துக்கொள் என்று தட்டில் வைத்து நீட்டினாற்போல்... ஏஞ்சலின் கைப்பேசியில் பதிவை நிறுத்தி, அழித்து, மறுபடியும் கேள்வியின் தலைக்கே வந்தாள், தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது, அ மயில், ஆ மரகதப்புறா, இ கிளி, ஈ மைனா, நான்கும் பறவைதானே, நான்கையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போவதற்கு என்ன கேடு இந்த நாக்குக்கு? மின்விசிறியை நிறுத்தியிருந்தாள், அதன் கடகடப்பு பதிவில் விழும் என்று, திறந்த பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து புடவை அடுக்குக்குள் தலையை நுழைக்காத குறையாகப் படித்துக்கொண்டிருந்தாள், துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்று, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் படித்து அனுப்பும் வாசிப்போர் குழுவின் அன்புராஜ் சொல்லிக்கொடுத்த வழி, பாச்சை உருண்டை வாசனையும் வியர்வையுமாக மூச்சு முட்டியது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஊரே சோற்றைத் தின்றுவிட்டுக் கிடக்கிறது, இவள் மட்டும் பீரோவுக்குப் பறவைப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெளியே சிப்காட்டுக்குப் போகும் லாரி ஒன்று பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஏறியது, தடால் தடால் என்று தெருவே அதிர்ந்தது, அதுவும் போயிற்று, சரி, மறுபடியும், சிலுவை போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது...

காலையில் பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு இவள் எடுக்கும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்து, கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இவள் பதிவுகளைக் கேட்டுப் படிக்கும் நந்தினியின் குரல் செய்தி வந்தது, எத்தனை தடவை கேட்டாயிற்று, இனிக் கேட்கவே வேண்டாம், மனப்பாடமாகிவிட்டது. "அக்கா, பூசை முடிஞ்சிதா, சாப்டீங்களா? ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்கக் கூடாது. நேத்து திருவள்ளூர் சென்டர்ல மாதிரித் தேர்வு வச்சாங்க. யாரோ ஒருத்தர், முன்ன பின்ன தெரியாதவர், கேள்வி படிச்சார். எல்லாம் நம்ம பார்த்த கேள்விதான் அக்கா. ஒண்ணுமே வரல. நாலு விடையும் ஒரே மாதிரி கேக்குது. ரூமுக்கு வந்து உங்க ஆடியோவ போட்டுக் கேட்டேன், எல்லாமே சரியா சொல்றேன். அப்பத்தான் புரிஞ்சிது. சரியான விடைகிட்ட வந்தா நீங்க கொஞ்சம் நின்னு சொல்றீங்க அக்கா. நான் பாடத்தப் படிக்கல, உங்களப் படிச்சிக்கினு இருந்திருக்கேன்." அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு வேறு, அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை, அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். இவ்வளவு மாதமாக, வேலை விட்டு வந்து உலை வைத்துவிட்டு, அடுப்பும் பதிவும் ஒன்றாக ஓட, குக்கர் விசில் விழுந்த பக்கத்தை மறுபடி படித்து, தொண்டை கட்டினால் மிளகைக் கடித்துக்கொண்டு படித்து... கடைசியில் குரல் நிற்கிறதாம், யாருக்குத்தான் நிற்காது? ஓசியில் கிடைப்பதற்கு இப்படிச் சொட்டை சொல்வார்களா? என்று நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் கோவில் வாசலிலேயே வெட்கம் பிடுங்கித் தின்றது, சேசுவே, என்ன வார்த்தை இது, கண் தெரியாத பிள்ளை, அதுவும் தப்பு தன்மேல் என்பது போலச் சொல்லியிருக்கிறாள். கடம்பத்தூரில் அவள் வீட்டுக்கு நெல் நிலம் இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அண்ணன் சரவணன் சொல்லிவிட்டானாம், இந்த வாட்டி தேறலன்னா ஹாஸ்டல காலி பண்ணிக்கினு ஊட்டோட வந்து கெட, யாரு உன்ன இட்டாந்து இட்டாந்து உட்டுக்கினு இருக்கறது என்று. அண்ணன் கெட்டவனில்லை அக்கா, களைச்சுப்போய்ட்டான், என்றாள் நந்தினி. அடுத்த மாதம் அரசு வேலைக்கான தேர்வு. தேர்வறையில் கேள்வியைப் படிக்கப்போவது ஏஞ்சலின் இல்லை, அரசாங்கம் அனுப்புகிற யாரோ, அவர் குரல் நிற்காது, தாழாது, நீட்டாது. அப்போது அந்தப் பெண் இருட்டில் எதைத் தடவிப் பிடிப்பாள்?

அன்புராஜ் முதல் நாளே சொன்னார்தான், கண்ண மட்டும் குடுங்க சிஸ்டர், மூளைய குடுக்காதீங்க, அது அவங்ககிட்டயே நெறைய இருக்கு, என்று. எல்லோரும் சிரித்தார்கள், ஏஞ்சலினும் சிரித்தாள். படங்களை விவரிப்பதில் அவளைப் போல யாரும் இல்லை என்று குழுவிலேயே பேர், வட்ட விளக்கப்படம் ஒன்று வந்தபோது, கிறிஸ்துமஸ் கேக்க நாலு பேருக்கு வெட்டினாப்ல இருக்கு நந்தினி, ஆனா சரிசமமா வெட்டல, விவசாயத்துக்குப் பாதிக் கேக்கு, என்று சொன்னாள், அக்கா அந்தப் பாதிக் கேக்கு எங்க ஊட்டுக்கு வரவே இல்லயே என்று பதில் வந்தது, அன்றெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள், கம்பெனி டைம் ஆபீசில் வருகைக் கணக்கு போடும்போதுகூட. அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு பிரியம்... பிரியத்தில்தானே குரல் நிற்கிறது? தவறிவிடாதே, இதுதான், இதைப் பிடி என்று... அது உதவி இல்லையா? அதுவும் பாவமா?

விடை வரிசையைத் தாளை வைத்து மறைத்துப் பார்த்தாள், பிரயோசனமில்லை, கண்ணுக்குத்தான் தாள், மனதுக்கு எதை வைத்து மறைப்பது? இத்தனை மாதத்தில் நந்தினிக்கு ஏறியதோ இல்லையோ, இவளுக்கு எல்லா விடையும் ஏறிவிட்டது, இன்றைக்குப் போய் உட்கார்ந்தால் இவளே பாஸ் பண்ணிவிடுவாள், கொடுமை. உணர்ச்சியே இல்லாமல் படித்தாள், கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது, சூலூர்பேட்டை வண்டி இன்னும் சற்று நேரத்தில் என்பது போல, அந்த அறிவிப்புக்கு நடுவிலும் சரியான விடை மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தப்பான விடைகளில் வேண்டுமென்றே நின்று படித்துப் பார்த்தாள், மயி...ல் என்று, ஆனால் அது பொய்க்குக் குரல் கொடுப்பது, தவிர நந்தினி கெட்டிக்காரி, எங்கே நிற்கவில்லையோ அதுதான் விடை என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவாள். கை அசந்தது, அழித்தாள், மறுபடி, அழித்தாள், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, நில்லுங்களேன் அம்மா ஒரு நிமிஷம், அழித்தாள்.

எங்கே பிடித்தது இந்த வியாதி? மறைக்கல்வியில்தான், வேறெங்கே, ஆண்டவர் நம்மளை நேசிக்கி...றா...ரா என்று இழுத்தால் பிள்ளைகள் அத்தனையும் நேசிக்கிறார் என்று கூரை அதிரச் சொல்லும், பொய் சொல்ல...லா...மா என்றால் கூடாது என்று கத்தும், ஒரு பிள்ளையும் தப்பாகச் சொல்லித் தலை குனிந்து வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம், அதில் என்ன குற்றம்? ஆனால் போன வருஷம் பிள்ளைகளின் உறுதிபூசுதல் சடங்குக்கு மறைமாவட்ட ஆயர் வந்தார், அதே கேள்விகளைத்தான் கேட்டார், சாதாரணமாக, கடையில் விலை கேட்பது போலக் கேட்டார், ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை, வெள்ளைச் சட்டை போட்ட கம்பங்கள் மாதிரி நின்றன. ஆயர் கேட்ட விதம் சரியில்லை, பிள்ளைங்ககிட்ட இப்படியா கேப்பாங்க, என்று வீட்டுக்கு வந்து புருஷன் ஜெரால்டிடம் எவ்வளவு நேரம் பொருமினாள்... ஆயரையே குறை சொன்ன வாய் இது. அந்தப் பிள்ளைகளும் வேதத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது, டீச்சரைப் படித்திருக்கிறார்கள்.

"எம்மா ஏஞ்சலு, பீரோகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கினு கீறியா?" வாசற்படியில் ஜெரால்ட், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூங்கின முகமாகவும் இல்லை தூங்காத முகமாகவும் இல்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, குழாய் பொருத்துவது, ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டில், அதையும் பாயில் கழித்துவிடுகிறார். எரிச்சலை யார்மேலாவது இறக்க வேண்டியிருந்தது, அவர் வந்து நின்றார். உங்களுக்கு இன்னா, பேன போடாம வெந்துக்கினு கீறேன், கிண்டலு வேற, என்று ஆரம்பித்து நந்தினி சொன்னதை எல்லாம் கொட்டினாள். அவர் கதவில் சாய்ந்தபடி கேட்டார், கேட்டு முடித்து, அந்தப் பொண்ணு சொல்றது கரெக்ட்டுதான், என்றார். இன்னா கரெக்ட்டு? ஒண்ணுமில்ல, கரெக்ட்டுன்னேன், அவ்ளோதான். அப்போதுதான் தோன்றியது, விடை தெரியாதவர் படித்தால்? "இங்க வாங்க, குந்துங்க, நீங்க படிங்க." "நானா? அடி ஆத்தி, நான் டென்த்து பெயிலு." "அதனாலதான் கூப்புடறேன்." "பெயிலானதுக்கு இன்னிக்குத்தான்மா மொத மரியாதை," என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார், புடவைகளைப் பார்த்து, இத்தினி பொடவையா கீது, என்றார். அவள் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள், விடை வரிசையின்மேல் தாளை ஒட்டினாள், பதிவை ஓடவிட்டாள்.

அவர் படித்தார். பஞ்சாயத்து ராஜ் அமைப்புகளுக்கு அரசியலமைப்புத் தகுதி வழங்கிய திருத்தம் எது, அ நாற்பத்திரண்டு, ஆ அறுபத்தொண்ணு, இ எழுபத்துமூணு, ஈ எண்பத்தாறு... ஏஞ்சலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், எழுபத்துமூன்றில் நிற்பாரோ என்று, நிற்கவில்லை, சமதரையில் வண்டி போவது போலப் போய்விட்டது, ஸ்தோத்திரம் ஆண்டவரே, இவ்வளவு நேரம் பீரோவோடு மல்லுக்கட்டியது வீண், இத்தனை நாள் இந்தக் குரல் வீட்டிலேயே இருந்திருக்கிறதே. எழுத்துக்கூட்டி அங்கங்கே தடுக்கினார், அதுவும் நல்லதுதான், தேர்வறையில் வருகிறவரும் தடுக்குவார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நந்தினி கேட்பது போலக் கேட்போம் என்று. கண்ணை மூடியதும் குரல் மட்டும் மிச்சமிருந்தது, முகம் இல்லை, அந்தச் சிரிப்பு இல்லை, லுங்கி மடிப்பு இல்லை, வெறும் குரல்... அது ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது? விடை தெரியாத தட்டை இது இல்லையே. எப்போதிலிருந்து இப்படி? கல்யாணம் ஆன புதிதில் கடைச் சீட்டைப் படித்தால்கூடப் பாட்டு மாதிரி படிப்பாரே, அது எப்போது நின்றது, நின்றபோது நான் எங்கே இருந்தேன், பீரோவுக்குள்ளா?

"அடுத்த கேள்வி," என்றார் ஜெரால்ட். "ஒப்பந்தத்... ஒப்பந்தத் தொழிலாளர்..." அங்கே நின்றது. விடைக்கு இன்னும் வரவேயில்லை, கேள்வியிலேயே நின்றது, ஒரு மயிரிழை, எச்சில் விழுங்கும் சத்தம், பிறகு தொடர்ந்தார், "ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல் மற்றும் ஒழித்தல் சட்டம் எந்த ஆண்டு..." மூடின கண்ணுக்குள் ஏஞ்சலினுக்கு டிபன் டப்பா தெரிந்தது, இந்த மாதம் முழுக்கப் பாதிச் சோறோடு திரும்பி வருகிற டப்பா, தினமும் அதைக் கழுவிக்கொண்டே அவள் கேட்கிற கேள்வி, சாப்பாடு நல்லாதானே இருந்திச்சி? நல்லா இருந்திச்சி. வேலையெல்லாம் சரியாதானே போவுது? சரியா போவுது. ஒண்ணும் இல்லல்ல? ஒண்ணும் இல்ல. மறைக்கல்விப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் சரியான விடை சொல்லியிருக்கிறார், அவளும் பாஸ் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் நான் இவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறேனா? பதிலை அல்லவா நீட்டிக்கொண்டிருந்தேன், தட்டில் வைத்து?

அவர் ஆண்டுகளைப் படித்து முடித்திருந்தார், நான்கையும் ஒரே மாதிரி. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "இன்னாம்மா, தூங்கிட்டியா? அடுத்தது போட்டுமா?" ஏஞ்சலின் கண்ணைத் திறந்தாள், அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டும், இப்போதே, வாய் திறந்தது, நாக்கு நுனியில் அது தயாராக வந்து நின்றது, வேலையில ஒண்ணும் பிரச்சன இல்லல்ல... அதைப் பல்லுக்குப் பின்னாலேயே பிடித்து விழுங்கினாள். வேறு எப்படித் தொடங்குவது? அந்த 'இல்லல்ல' இல்லாமல், இழுக்காமல், நிறுத்தாமல், என்ன பதில் வந்தாலும் வரட்டும் என்று, கடையில் விலை கேட்பது போல... ஆயர் எப்படிக் கேட்டார் அன்றைக்கு? தூரத்தில் சரக்கு ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது, அதுவும் பதிவில் விழும், விழட்டும், இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம், அவள் கையை நீட்டிப் பதிவை நிறுத்தினாள், அவர் புத்தகத்தில் விரலை வைத்தபடி காத்திருந்தார், அவளும் தன் குரலுக்காகக் காத்திருந்தாள்.