மிகீதே ஒதுக்கிய பனி

ஆறு உறையத் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் முழுக்க துயாராவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆற்றின் மட்டம், காற்றின் குளிர், பனிக்கட்டியின் கனம், எல்லாவற்றையும் தினமும் அளந்து நகரத்து அலுவலகத்துக்குச் சொல்வது அவள் வேலை. அவளுக்கு முன்னால் அவள் அப்பா அளந்தார். கட்டி முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆகிவிட்டது என்று அந்த வீட்டிலிருந்து சொல் வந்தால்தான் அக்கரைக்கு டிராக்டர் இறங்கும். அதுவரை எங்களுக்கான மாவும் டீசலும் அக்கரையில்தான் கிடக்கும்.

அந்த வருஷம் துயாராவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. கட்டியில் துளை போட்டு அளக்கும் துளைப்பானைக் கணவன் மிகீதேயிடம் கொடுத்துவிட்டு, நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர் ஏறினாள்.

"அளவுக் கம்பு நட்ட இடத்துலயே அள. மாத்திடாதே" என்றாள்.

"நீ போய்ட்டு வா தாயே. ஆறு எங்கயும் ஓடிடாது" என்றான் அவன்.

அவள் திரும்பி வந்தது ஒரு நண்பகல். அழைத்துப்போக நான் மட்டும்தான் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி அல்லவா. ஊரெல்லாம் கரையில் இருந்தது.

"மிகீதே எங்கக்கா?"

"முதல் டிராக்டர் இறங்கியிருக்கு. தியோகோர் ஓட்டுறான், உம் புருஷன் முன்னாடி கோல் ஊனி நடக்குறான். ஆத்துக்கு அப்பம் போட்டுக் கும்பிட்டுத்தான் போனாங்க. நேத்து முப்பத்தெட்டு வந்துச்சாம்."

"முப்பத்தெட்டா? இந்தக் கொஞ்சக் குளிருக்கா?"

பையை என் கையில் தள்ளிவிட்டு, ஊன்றுகோலோடு நேரே கம்பு நட்ட இடத்துக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன். கரையிலிருந்து அங்கே வரைக்கும் பாதை பெருக்கியிருந்தது. கம்புகளைச் சுற்றி ஒரு துளி பனி இல்லை. விருந்தாளிக்குத் துடைத்து வைத்த மேசைபோல் கட்டி பளபளத்தது. முட்டி வலிக்காரி பனியில் கால் புதைய நடக்க வேண்டாம் என்று அவள் போன நாளிலிருந்தே மிகீதே பனியைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறான்.

ஆற்றுக்குப் பனிதான் போர்வை, கண்ணுகளா. போர்வையை உருவினால் அந்த இடத்தில் மட்டும் குளிர் இறங்கிக் கட்டி கனத்துவிடும். அது எங்கள் ஊரில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். முதல் டிராக்டர் போய் வந்ததும் பாதையில் பனியைத் தள்ளி அப்படித்தான் கனமாக்குவோம். அளக்கிற இடத்தில் தள்ளக்கூடாது என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. துயாராவும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவளுக்குப் பட்டிருக்காது.

பத்தடி தள்ளி, பனி மூடிய இடத்தில் துளை போட்டோம். கம்படியில் கிடந்த துளைப்பானை நான் பிடிக்க அவள் சுற்றினாள். சட்டென்று தண்ணீர் கொப்பளித்தது. இருபத்துமூன்று.

நிமிர்ந்து பார்த்தோம். டிராக்டர் ஆற்றின் நடுவில் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி.

கைபேசியை எடுத்தாள். மிகீதேயைக் கூப்பிட்டாள்.

"வந்துட்டியா? முட்டி எப்படி?" என்று அவன் கேட்டது எனக்கும் கேட்டது.

"நல்லாருக்கு. நடந்துகிட்டே பேசு. நிக்காதே."

"என்ன, கரையில நின்னு அதிகாரமா?"

"ஆமா. தியோகோர் கதவைத் தொறந்து வெச்சிருக்கானா?"

"அதெல்லாம் வெச்சிருக்கான். பாட்டு வேற பாடுறான், காது போகுது."

"பாடட்டும். நிக்க வேணாம், வேகம் கூட்ட வேணாம், இப்படியே மெதுவா உருட்டச் சொல்லு. நீ டிராக்டருக்கு முன்னாடி நடக்காதே. நல்லா விலகி நட."



"துயாரா, என்ன விஷயம்?"

"அக்கரையில போய்ச் சொல்றேன். நடக்குறியா?"

"நடக்குறேன்."

பாரம் நின்றாலும் விரைந்தாலும் மெல்லிய கட்டி உடையும்; கதவு திறந்திருந்தால்தான் ஓட்டுகிறவன் குதித்துத் தப்பலாம். அப்புறம் அவள் என்னென்னவோ கேட்டாள். நாய்க்குச் சோறு வைத்தாயா, அடுப்புக்குழாயைத் தட்டினாயா என்று. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். இடையில் ஆறு நீளமாக ஒருமுறை முனகியது. எங்கள் காலடி வரை வந்தது அந்தச் சத்தம். அவள் என் கையைப் பிடித்த இடம் அப்புறம் கன்றிப்போயிருந்தது. புள்ளி மறுகரை ஏறியது. டிராக்டரும் ஏறியது.

அதன் பிறகுதான் சொன்னாள்.  "உனக்காகத்தான் தள்ளினேன்" என்றான் அவன்.

"தெரியும். திரும்பி வராதே. நான் சொல்றவரைக்கும் வராதே."

அலுவலகத்தைக் கூப்பிட்டு, அவன் சொன்ன அளவுகளையெல்லாம் நீக்கிவிட்டு வெறுமையாக விடச் சொன்னாள். அவள் அப்பா காலத்திலிருந்து விட்டுப்போகாத வரிசை அது. ஏன் என்று கேட்டார்கள். கம்பைச் சுற்றிப் பனி ஒதுக்கியிருக்கிறது என்றாள். யார் ஒதுக்கியது என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கம்புகளைப் பிடுங்கி யார் காலும் படாத இடத்தில் நட்டாள். மாவு இல்லாமல் வெறும் மீனைத் தின்ற ஊர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுத்தது. "புருஷனை ரெண்டு மாசம் அந்தப் பக்கமே வெச்சுக்கலாம்னு பாக்குறா" என்றாள் ஒருத்தி. துயாரா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் இல்லை. அளப்பாள், கரைக்குப் போவாள், வானத்தைப் பார்ப்பாள், வருவாள்.

தினமும் அவன் கூப்பிடுவான்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"இருபத்தேழு."

"நேத்தும் அதானே சொன்னே?"

"நேத்துப் பனி கொட்டிச்சுல்ல. கூடலை."

"தியோகோர் மாமியார் வீட்டுல படுத்திருக்கேன். அந்தம்மா குறட்டையில கூரையே ஆடுது. உம் புருஷன்தானே, ரெண்டு கூட்டிச் சொல்லேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பை நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இருபத்தேழு, மிகீதே."