எதிர்ப்பக்கத்துப் பந்து

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போனார். திரும்பும்போது ஒரே ஒரு வாக்கியத்தோடு வந்தார்: "பால் இஸ் இன் யுவர் கோர்ட்."

பந்து உங்கள் பக்கம் இருக்கிறது என்பது பொருள். டென்னிஸ் ஆட்டத்திலிருந்து வந்த பேச்சு. வலையைத் தாண்டிப் பந்து உங்கள் பக்கம் விழுந்துவிட்டால் நீங்கள்தான் அடித்தாக வேண்டும். எதிராளி ஓடிவந்து உதவ முடியாது. நான் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இனி முடிவு உங்களுடையது என்று சொல்ல அருமையான வழி. அதைச் சொல்ல ஒரே ஒரு தகுதி வேண்டும்: முதலில் நாம் அடித்திருக்க வேண்டும். மேலாளர் அந்தச் சமாச்சாரத்தை மட்டும் வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார்.

பசை உருளையில் விரிசல், பெட்டிகள் அடி பிரிந்து வருகின்றன, மாற்றிவிடட்டுமா என்று மெக்கானிக் அவரிடம் கேட்டார். பந்து மெக்கானிக் பக்கம் போனது. புது உருளை அலமாரியில்தான் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துத் தருகிறேன் என்று ஸ்டோர்ஸ் அக்கா சொன்னார். பந்து அக்கா பக்கம் போனது. விரிசல் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது. தொழிலாளர்கள் மேலாளருக்குப் 'பந்து சார்' என்று பெயர் வைத்தார்கள். தன் ஆங்கிலத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் பொது மேலாளர் நாற்காலி காலியானது. பந்து சாருக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. கிடைத்த மாதிரியேதான் என்று வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

முதலாளி அவரை அறைக்கு அழைத்தார். "பொறுப்பை ஏத்துக்கறீங்களா? உங்க வாயால சொல்லுங்க."

ஆமாம் என்றால் போதும். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு எது கெட்டாலும் உருளப்போவது தன் தலை. நாக்கு பழகிய தடத்திலேயே ஓடியது.

"பால் இஸ் இன் யுவர் கோர்ட், சார்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் அடிச்சுத்தானேய்யா உங்ககிட்ட வந்துச்சு."

அடுத்து ஸ்டோர்ஸ் அக்காவை அழைத்து அதே கேள்வியைக் கேட்டார். அக்கா, சரி சார் என்றார். முதல் வேலையாக அந்த உருளையை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் மனைவி நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம கல்யாணப் பேச்சுலயும் 'உங்க இஷ்டம்'னுதானே சொன்னீங்க. அன்னைக்கு எங்கப்பா அவசரப்பட்டு பந்தை அடிச்சுட்டாரு. எல்லாரும் அவர் மாதிரியே ஏமாந்தவங்களா இருப்பாங்களா? சரி, அத்தைகிட்ட யாரு சொல்றது?"

அவர் வாயைத் திறந்தார்.

"அதை மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள், கையில் கரண்டியோடு.

உள்ளறையில் அம்மா கட்டிலை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது. பந்து சார் ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கடைவரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொன்னார்.