ஒன்பதில் நின்ற அண்ணன்

தீயணைப்புத் துறையில் சேர வேண்டுமானால் கம்பியில் தொங்கி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி பத்து முறை உடலைத் தூக்க வேண்டும். என் அண்ணனுக்கு ஒன்பது வரும். பத்தாவது முறை புருவம் மட்டும்தான் மேலே போகும். வயது வரம்புப்படி இதுவே அவனுக்குக் கடைசித் தேர்வு.

தெருவில் அவனுக்குத் ‘தண்டால்’ என்று பெயர். ஒன்பது ஏன் பத்தாகவில்லை என்று யோசித்தவன், பயிற்சி போதவில்லை என்று முடிவுகட்டினான். காலையில் ஜிம், மாலையில் ஜிம், நடுவில் மொட்டை மாடி. ஒன்பது எட்டானது. உடனே பயிற்சியைக் கூட்டினான். ஏழானது. இந்தக் கணக்கு அவனைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. நடுங்கும் அவன் கையில் டம்ளரைக் கொடுத்தால் டீயை ஆற்றுகிற வேலை மிச்சம். தூக்கம் போனது, பசி போனது, கோபம் மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தது. விசில் அடித்த குற்றத்துக்காகக் குக்கரோடு சண்டை போட்டான்.

ஜிம் மாஸ்டர் அவனைப் பார்த்ததும் கையிலிருந்த டம்பெல்லைப் பிடுங்கி வைத்தார். “தம்பி, ஒடம்பு தேறுறது நீ தூக்கும்போது இல்ல, தூங்கும்போது. ஒரு வாரம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத.”

அண்ணன் சொன்ன பேச்சைக் கேட்பவன். பயிற்சி செய்த அதே வெறியோடு ஓய்வெடுத்தான். ஸ்டாப்வாட்ச் வைத்துப் படுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். நடுநடுவே எழுந்து, போதிய அளவு ஓய்ந்திருக்கிறோமா என்று நாடி பிடித்துப் பார்த்தான். வியர்வை சொட்ட வெளியே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொரு செட் படுக்கப் போவதாக அறிவித்தான்.

“படுக்கறதுக்கு எதுக்குடா மூச்சு வாங்குற?” என்றாள் அம்மா.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் தண்டால் எடுக்கிறான் என்று அர்த்தம்; அம்மா கரண்டியால் கதவைத் தட்டுவாள். ஒருநாள் பீரோ இடம் மாறியிருந்தது. பெருக்குவதற்காக நகர்த்தியதாகச் சொன்னான். துடைப்பம் எந்த மூலையில் இருக்கும் என்பதே அவனுக்குத் தெரியாது.

அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடி ஓய்வுபெற்றவர். ஊருக்கடியில் எந்தக் குழாய் எங்கே பிரிகிறது என்பதை அவர் விளக்கி யாரும் முழுதாகக் கேட்டதில்லை. அன்று மதியம் அண்ணன் மாட்டினான். இரண்டாவது வால்வு வருவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிட்டான். விளக்குப் போடும் நேரம்வரை எழவில்லை.

அதிலிருந்து சாப்பாடு முடிந்ததும் அம்மா, வால்வு விஷயத்தைப் பிள்ளைக்குச் சொல்லும்படி அப்பாவை அனுப்பிவைத்தாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கண்ண மூடிக்கிட்டுக் கேக்கறான்டி. என்னா கவனம்!”

வாரம் முடிந்தபின் மாஸ்டர் ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சமாக, மேலே ஏறுவதை விட்டுவிட்டு, ஸ்டூல்மேல் நின்று கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்குவதை மட்டும் செய்யச் சொன்னார். ஒன்பது திரும்பி வந்தது.

தேர்வு நாளன்று மைதானத்தில் நீண்ட வரிசை. அப்பாவும் வந்திருந்தார். தன் முறை நெருங்க நெருங்க அண்ணனுக்குத் தோள் காதுவரை ஏறியது. எதற்கும் இருக்கட்டும் என்று தண்டாலுக்குக் குனிந்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா நிதானமாகப் பிரதான குழாயிலிருந்து ஆரம்பித்தார். தோள் இறங்கியது. பிறகு இமையும் இறங்கியது.

“அப்பா, போதும். தூங்கிடப் போறான்.”

அப்பா என்னைப் பார்த்தார். தூங்கிவழிந்த அண்ணனைப் பார்த்தார்.

“அப்போ இத்தன நாளும் தூங்கிட்டா இருந்தான்?”

நான் மைதானத்தைப் பார்த்தேன். அப்பா அண்ணனின் முதுகில் தட்டினார்.

“சரி, பாதி வால்வோட நிறுத்திக்கறேன். போய்த் தொங்கு.”

அண்ணன் கொட்டாவி விட்டபடி கம்பியைப் பிடித்தான். ஒன்பதுவரை வழக்கம்போல. பத்தாவதில் புருவம் வந்தது, மூக்கு வந்தது, ஒருவழியாகத் தாடையும் வந்தது. அதிகாரி விசில் ஊதி, இறங்கச் சொன்னார்.

அண்ணன் நேராக அப்பாவிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மீதியச் சொல்லுங்கப்பா.”

கடைசி வால்வுவரை விழித்திருந்து கேட்டானாம். அப்பா சொல்லித்தான் தெரியும். நான் மூன்றாவதிலேயே தூங்கிவிட்டேன்.